பள்ளியில் பவளம் வளர்த்து ஆய்வு செய்வது எப்படி? உயர்நிலை மாணவர்களோடு தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

புளோரிடா கீஸ் தீவுகளில் கென் நெடிமையர் என்பவர் கடலுக்கடியில் ஒரு பண்ணை வைத்திருந்தார். குத்தகைக்கு எடுத்த கடற்படுகையில் வெறும் கற்களைப் போட்டுவைப்பார். அவற்றின் மேல் பாசியும் சிற்றுயிர்களும் படிந்த பிறகு எடுத்து, கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விற்பார். அந்தக் கற்களில் மான்கொம்புப் பவளம் தானாக வந்து ஒட்டி வளரத் தொடங்கியது. இயற்கைப் பாறையில் இருக்கும் பவளத்தை அங்கே யாரும் எடுக்கக் கூடாது; இது அவர் போட்ட கல்லில் முளைத்தது என்பதால் வைத்துக்கொள்ள வழி இருந்தது. அவருடைய மகளுக்கு 4-ஹெச் என்ற மாணவர் அமைப்பில் செய்துகாட்ட ஒரு செயல்திட்டம் தேவைப்பட்டது. அப்பாவும் மகளும் அந்தப் பவளத்தைத் துண்டுகளாக்கி வளர்த்துப் பார்த்தார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 2007-இல் உருவான கோரல் ரெஸ்டோரேஷன் ஃபவுண்டேஷன். பி.வி.சி. குழாயால் மரம் போலச் செய்து, கிளைகளில் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டுக் கடலிலேயே வளர்க்கும் முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது என்றால், அதற்கு அந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே மாணவர் செயல்திட்டம் என்றாலே கண்காட்சிக்கு அட்டை ஒட்டுவது என்று நினைக்க வேண்டாம். பவள ஆய்வுக்குப் பள்ளிக்கூடம் பொருத்தமான இடம். பவளம் மெதுவாக வளரும். அதை மாதக்கணக்கில் விடாமல் அளக்க வேண்டும். அளப்பதற்கு நிறையக் கைகள் வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒரு வகுப்பு ஈடுகொடுக்கும். பள்ளியின் பலவீனம் விடுமுறைகள்தான். நல்ல திட்டம் என்பது இந்தப் பலத்தையும் பலவீனத்தையும் கணக்கில் வைத்துப் போட்டது. பல பள்ளிகளில் தலைகீழாக நடக்கிறது: முதலில் அழகான தொட்டி வாங்குகிறார்கள், அப்புறம் அதில் என்ன ஆய்வு செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். கடைசியில் மாணவர்கள் கண்ணாடி துடைப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

முதலில் சட்டம்

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, தொடரலாமா வேண்டாமா என்பதே இங்கே முடிவாகிவிடும்.

இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிருள்ள துண்டு மட்டுமல்ல, கரையில் கிடக்கும் வெள்ளைப் பவளக் கல்லை எடுத்துவந்து ஆய்வகத்தில் வைப்பதும் சிக்கல்தான். எனவே தமிழ்நாட்டுப் பள்ளி எதுவும் வகுப்பறையில் பவளம் வளர்க்க முயலக் கூடாது. அங்கே செய்யக்கூடியவை வேறு இருக்கின்றன, பின்னால் வருகிறேன். இலங்கையிலும் பவளங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

அமெரிக்காவில் மான்கொம்பு (ஸ்டாக்ஹார்ன்), எல்க்கொம்பு (எல்க்ஹார்ன்) பவளங்கள் இரண்டும் 2006-இல் அழியும் ஆபத்துள்ள உயிரினச் சட்டத்தின்கீழ் வந்தன. புளோரிடாக் கடலிலிருந்து எந்தக் கல் பவளத்தையும் பள்ளி எடுக்க முடியாது. ஆனால் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாக வெட்டி வளர்த்த பசிபிக் பகுதிப் பவளத் துண்டுகள் கடையில் சட்டப்படி கிடைக்கின்றன. பள்ளி ஆய்வுக்கு அவை போதும். எல்லைதாண்டிக் கொண்டுபோனால், கல் பவளங்கள் அனைத்தும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சீட்டு வேண்டும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ கற்பிக்கும் ஆசிரியர்கள் உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கி, ரசீதையும் மூலச் சான்றையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்டிப்பான விதி: தொட்டியில் வளர்ந்த எதையும் கடலில் விடக் கூடாது. "நாம் வளர்த்த பவளத்தைக் கடலுக்கே திருப்பித் தரலாமே" என்று யாராவது ஒரு மாணவர் ஆசையாகக் கேட்பார். வேற்றுக்கடல் இனம், தொட்டி நோய், ஒட்டுண்ணி எல்லாம் சேர்ந்து போகும். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

பவளம் என்றதும் மாணவர்கள் வெப்பநிலையைத்தான் சொல்வார்கள். அது நியாயமும்கூட. 2023 ஜூலையில் புளோரிடாவின் மனாட்டி பே என்ற ஆழமற்ற விரிகுடாவில் ஒரு மிதவைக் கருவி 38.4 டிகிரி செல்சியஸ் காட்டியது. பாறைத்திட்டுப் பகுதியில் அவ்வளவு இல்லை என்றாலும், வளர்ப்புப் பண்ணைகளில் தொங்கிக்கொண்டிருந்த பவளங்களை ஆய்வாளர்கள் அவசரமாகக் கழற்றிக் கரையில் உள்ள தொட்டிகளுக்கு மாற்றும் அளவுக்குச் சூடு. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அறிவித்தது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளிறுகிறது.

ஆனாலும் முதல் ஆண்டில் வெப்பநிலைச் சோதனையைத் தொடாதீர்கள். பவளத்தைக் கொல்வதற்கான நல்ல வாய்ப்பு அது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு தொட்டியை 26 டிகிரியிலும் இன்னொன்றை 29 டிகிரியிலும் வைத்து, ஒவ்வொன்றிலும் பத்துத் துண்டுகளைப் போட்டால், மாணவர்கள் பத்துக்குப் பத்து என்று எண்ணுவார்கள். உண்மையில் அது ஒன்றுக்கு ஒன்று. இரண்டு தொட்டிகளுக்கும் வெப்பம் தவிர நூறு வித்தியாசங்கள் இருக்கலாம்: விளக்கின் வயது, நீரோட்டம், பாக்டீரியா. எதனால் வேறுபாடு வந்தது என்று பிரிக்க முடியாது. சரியாகச் செய்ய ஒவ்வொரு வெப்பநிலைக்கும் குறைந்தது மூன்று நான்கு தனித்தனித் தொட்டிகள் வேண்டும். பெரும்பாலான பள்ளிகளுக்கு அது முடியாது.

அதனால் தொட்டி முழுவதற்கும் பொருந்தும் காரணியை விட்டுவிட்டு, தனித் தனித் துண்டுக்குப் பொருந்தும் காரணியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் துண்டுகளும் ஒரே தண்ணீரில், ஒரே விளக்கின்கீழ் இருக்கும். ஒன்றே ஒன்று மாறும். மேலே ஒரு அடுக்கு வலை போட்டு நிழல் தருவது, படுக்கையாகவும் செங்குத்தாகவும் ஒட்டுவது, வாரம் இருமுறை தனி வாளிக்கு எடுத்துப்போய் இரை கொடுப்பது, துண்டின் அளவை மாற்றுவது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாகச் சொன்னது. அதற்குப் பின்னால் ஒரு உண்மையான ஆய்வு வரலாறு இருக்கிறது.

டேவிட் வான் என்ற ஆய்வாளர் புளோரிடாவின் சம்மர்லாந்து கீ தீவில் மோட் கடல் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு எல்க்கொம்புப் பவளத்தை நகர்த்தப் போய், அது உடைந்து சில பாலிப்புகள் (பவளக் கூட்டத்தின் தனித்தனிச் சிற்றுயிர்கள்) மட்டும் அடியில் தங்கிவிட்டன. செத்துவிடும் என்று நினைத்தவை சில வாரங்களில் வேகமாகப் பரவியிருந்தன. பவளத்தை ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் சிறிதாக வெட்டி வளர்க்கும் நுண்துண்டு முறை இப்படித்தான் பிறந்தது. ஒரே தாய்ப் பவளத்தின் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வளர்ந்து தொடும்போது ஒன்றாக இணைந்துவிடுகின்றன. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் குண்டுப் பவளங்களை மீட்க இந்த முறை ஒரு புது வழி திறந்தது.

இனி மாணவர்களுக்கான கேள்வி. சிறிய துண்டு வேகமாக வளர்வதற்கு உயிரியல் காரணமா, வெறும் வடிவியல் காரணமா? தகடாகப் படரும் பவளம் விளிம்பில்தான் வளர்கிறது. 2 செ.மீ.க்கு 2 செ.மீ. சதுரத்தின் பரப்பு 4, சுற்றளவு 8. அதையே நான்காக வெட்டினால் மொத்தப் பரப்பு அதே 4; சுற்றளவு 16. எல்லா விளிம்பும் ஒரு மில்லிமீட்டர் முன்னேறினால் பெரிய துண்டு 4.84 சதுர செ.மீ. ஆகும், நான்கு சிறியவை சேர்ந்து 5.76 ஆகும். ஒன்று 21 விழுக்காடு வளர்ச்சி, மற்றது 44. பவளம் எந்தத் தனிச் சுறுசுறுப்பும் காட்டாமலே சிறியது இரட்டிப்பு வேகத்தில் வளர்வதாகத் தோன்றும். ஆகவே ஒப்பிட வேண்டியது விழுக்காட்டை அல்ல, விளிம்பின் வேகத்தை: கூடிய பரப்பைச் சுற்றளவால் வகுத்தால் தோராயமாக அது கிடைக்கும். இரண்டு குழுவுக்கும் விளிம்பு வேகம் ஒன்றாக இருந்தால் வடிவியல் போதும். சிறியவற்றின் விளிம்பு உண்மையிலேயே வேகமாக ஓடினால், அங்கே உயிரியல் இருக்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர் முழுதாகப் புரிந்துகொண்டு, தானே வாதாடக்கூடிய கேள்வி இது. இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதியை இதை வைத்தே சொல்கிறேன்.

தொட்டி

200 முதல் 300 லிட்டர் போதும். சிறிய தொட்டி மலிவு என்று எண்ணி 40 லிட்டரில் தொடங்கினால், ஒரு நாள் தண்ணீர் ஆவியானாலே உப்பளவு ஏறிவிடும். ஆழமில்லாத, அகலமான தொட்டி நல்லது. கை எட்ட வேண்டும், மேலிருந்து படம் எடுக்க வேண்டும். கீழே சம்ப் எனப்படும் துணைத் தொட்டி, அதில் கழிவை நுரையாக்கி நீக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், ஹீட்டர், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் பம்ப். உள்ளே நீரோட்டத்துக்கு இரண்டு அலை பம்புகள். மேலே எல்.இ.டி. விளக்கு, ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ.வும் அயனிநீக்கமும் செய்த தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கலக்குங்கள். செம்பு பவளத்துக்கு விஷம். செம்புக் குழாய், செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் அருகில் வரக் கூடாது. ஆய்வகத்தில் காப்பர் சல்பேட் படிகம் வளர்க்கும் மேசையிலிருந்து தள்ளி வையுங்கள். வேதியியல் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொட்டியை நிரப்பியதும் பவளம் வாங்கப் போகாதீர்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். இந்தக் காலம் வீணல்ல. மாணவர்கள் தினமும் மூன்றையும் அளந்து வரைபடம் போட்டால், அம்மோனியா ஏறி இறங்குவதும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்குவதும் கண்ணெதிரே தெரியும். அளவிடும் கையும் பழகிவிடும். நடுங்கும் கையோடு சொட்டு எண்ணும் மாணவரிடம் முதல் நாளே பவளத்தைக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மின்சாரப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். எல்லா வயர்களும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. ஹீட்டர்கள் பழுதாகும்போது அணையாமல் நின்றுவிடுவது உண்டு. ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றைப் போட்டு, தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியாக இணையுங்கள். ஒரு இரவில் தொட்டி வெந்துபோகாமல் காப்பாற்றுவது இதுதான்.

தண்ணீரின் கணக்கு

இலக்கு எண்கள் இவை:

வெப்பநிலை 25–26 டிகிரி செல்சியஸ்
உப்பளவு ஆயிரத்துக்கு 35
பி.ஹெச். 8.0–8.3
காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு) 8–9 டிகேஹெச் (அதன் அலகு)
கால்சியம் 400–450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு)
மக்னீசியம் 1250–1350 பி.பி.எம்.
நைட்ரேட் 2–10 பி.பி.எம்.
பாஸ்பேட் 0.03–0.1 பி.பி.எம்.

இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் கவனிக்க முடியும் என்றால் காரத்தன்மையைக் கவனியுங்கள். எண் சற்று முன்பின்னாக இருப்பதைப் பவளம் தாங்கும். இன்று 7, நாளை 10 என்று துள்ளுவதைத் தாங்காது.

அதோடு, காரத்தன்மை ஒரு மறைமுகத் தராசு. பவளம் கால்சியம் கார்பனேட்டால் தன் எலும்புக்கூட்டைக் கட்டும்போது தண்ணீரிலிருந்து காரத்தன்மை குறைகிறது. ஒரு டிகேஹெச் குறைந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் படிந்திருக்கிறது என்று பொருள். 200 லிட்டர் தொட்டியில், எந்தக் கரைசலும் சேர்க்காமல் இரண்டு நாளில் ஒரு டிகேஹெச் இறங்கினால், எங்கோ 3.5 கிராமுக்கு மேல் சுண்ணாம்பு திடப்பொருளாகியிருக்கிறது. அது முழுவதும் பவளத்துக்குப் போகவில்லை. கண்ணாடியில் படியும் இளஞ்சிவப்புச் சுண்ணப் பாசியும் பங்கு கேட்கும். தண்ணீர் சொல்லும் எடையையும் தராசு சொல்லும் எடையையும் ஒப்பிட்டு, மீதி எங்கே போனது என்று தேடுவது தனியாகவே ஒரு செயல்திட்டம்.

துண்டுகள் வளர வளரக் காரத்தன்மை இழப்பும் கூடும். சோடியம் பைகார்பனேட், கால்சியம் குளோரைடு கரைசல்களைத் தனித்தனியாக, அளந்து சிறிது சிறிதாக விடும் டோசிங் பம்ப் மூலம் விடலாம். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். வாரம் பத்து விழுக்காடு தண்ணீர் மாற்றுவதை நிறுத்த வேண்டாம்.

பவளம், வெட்டு, பாதுகாப்பு

நம் கேள்விக்குத் தகடாகப் படரும் மான்டிபோரா ஏற்றது; வெட்டைத் தாங்கும், மிதமான ஒளி போதும். கிளைவிடும் இனம் வேண்டுமென்றால் ஸ்டைலோஃபோரா அல்லது மான்டிபோரா டிஜிடேட்டா. அக்ரோபோரா பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் சற்றுத் தடுமாறினாலும் திசு உரிந்துவிடும். அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிக முக்கியம்: எல்லாத் துண்டுகளும் ஒரே தாய்ப் பவளத்திலிருந்து வர வேண்டும். மரபணு ஒன்றானால்தான் வேறுபாடு துண்டின் அளவால் வந்தது என்று சொல்ல முடியும். கையகலத் தகடு ஒன்று போதும். அதை வாங்கியதும் பூச்சிநீக்கும் கரைசலில் முக்கி எடுத்து, தனித்தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள். மான்டிபோராவைத் தின்னும் வெள்ளை நிறச் சிறு கடல் நத்தையினம் ஒன்று உண்டு. முட்டை எந்த மருந்துக்கும் எளிதில் அசையாது. அடிப்புறத்தை லென்சால் தேடுங்கள்.

ஜோவாந்திட் வகைகளை வகுப்பறைத் தொட்டியில் அனுமதிக்காதீர்கள். வண்ணப் பொத்தான்கள் போல இருக்கும், விலை குறைவு, கடைக்காரர் இலவசமாகவே தருவார். அவற்றில் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. வெட்டும்போது கண்ணில் தெறித்தாலோ, ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிநீரில் போட்டு ஆவியை முகர்ந்தாலோ மருத்துவமனைதான்.

வெட்டும் நாளில் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. வைரப் பூச்சு ரம்பத்தைப் பெரியவர்தான் இயக்க வேண்டும். மாணவர்கள் கோடு போடுவது, கழுவுவது, ஒட்டுவது, எண் இடுவது. 2 செ.மீ. சதுரம் பத்து, 1 செ.மீ. சதுரம் பத்து, உதிரியாக நான்கு. தாய்த் தகட்டின் விளிம்பிலிருந்து வந்த துண்டு நடுவிலிருந்து வந்ததைவிடச் சுறுசுறுப்பாக வளரக்கூடும். அதனால் பெரியவை எல்லாம் நடுவிலிருந்தும் சிறியவை எல்லாம் ஓரத்திலிருந்தும் வரும்படி வெட்டிவிடாதீர்கள். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு வரைபடம் போட்டுவையுங்கள்.

சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் 5 செ.மீ. பீங்கான் வில்லைகளில் ஒட்டுங்கள். இரு குழுவுக்கும் ஒரே அளவு வில்லை. இடம் தீர்ந்து வளர்ச்சி நிற்கக் கூடாது. ஒட்டும் முன்பே வில்லையை ஊறவைத்து, எண் பொறித்து, தண்ணீருக்குள் எடைபோட்டு எழுதிவிடுங்கள். பிறகு 3, 4 வாரம் ஆற விடுங்கள். வெட்டுப்பட்ட ஓரத்தில் திசு மூடி, வில்லையின் மேல் மெல்லிய விளிம்பு படரத் தொடங்கும்போதுதான் முதல் அளவு.

வில்லைகளைத் தட்டில் அடுக்கும்போது சீட்டுக் குலுக்கி இடம் கொடுங்கள். வாரம் ஒரு முறை இடம் மாற்றுங்கள். விளக்கின் நடுவில் இருப்பவருக்கு மட்டும் நல்ல வெயில் கிடைத்துக்கொண்டிருந்தால் ஆய்வு பாழ்.

அளப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான். இரண்டு முறைகளையும் செய்யுங்கள்.

முதலாவது படம். கேமராவை ஒரு சட்டத்தில் நிலையாகப் பொருத்துங்கள். கையில் பிடித்து எடுக்க வேண்டாம். தொட்டியின் நீல ஒளியில் எடுத்த படம் அளவுக்கும் நிறத்துக்கும் உதவாது. வெள்ளை ஒளியில், ஆழமற்ற தட்டில், துண்டுக்கு நேர் மேலே, துண்டின் மட்டத்திலேயே ஒரு அளவுகோலையும் வைத்து எடுங்கள். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் உயிருள்ள திசுவின் ஓரத்தை வரைந்தால் பரப்பும் சுற்றளவும் கிடைக்கும். நிறத்துக்கு, குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002 முதல் பயன்படுத்தும் நிற அட்டை இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 1 முதல் 6 வரை ஆறு படிகள். படி இறங்கினால் பவளம் வெளிறுகிறது.

இரண்டாவது தண்ணீருக்குள் எடை. பவளத்தை வெளியே எடுத்து உலர்த்தி எடைபோட முடியாது, செத்துவிடும். ஆர்க்கிமிடிஸ் கைகொடுக்கிறார். அடியில் கொக்கி மாட்டும் வசதியுள்ள மின்னணுத் தராசை, நடுவில் துளையிட்ட பலகையின் மேல் வைத்து, கொக்கியிலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பில் ஒரு சிறு கூடையைத் தொட்டித் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் தொங்கவிடுங்கள். கூடை மட்டும் தொங்கும்போது பூஜ்யமாக்கி, பிறகு துண்டை வைக்க வேண்டும். திசு கடல்நீரின் அடர்த்திக்கு அருகில் இருப்பதால் கிட்டத்தட்ட எடையற்றது. தராசு காட்டுவது பெரும்பாலும் எலும்புக்கூட்டின் எடைதான். எலும்புக்கூட்டின் கனிமமான அரகனைட்டின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.93 கிராம், கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.023. ஆகவே வில்லையின் எடையைக் கழித்த பிறகு கிடைப்பதை 1.54-ஆல் பெருக்கினால் உலர் எடை. தண்ணீருக்குள் 6.50 கிராம் என்றால் உண்மையில் சுமார் 10 கிராம்.

கேட்க எளிது, செய்யும்போது தொல்லை கொடுக்கும். ஒட்டியிருக்கும் ஒரே ஒரு காற்றுக்குமிழி எடையைக் குறைத்துவிடும். மின்விசிறிக் காற்றில் எண் ஆடும். தண்ணீரின் உப்பும் வெப்பமும் மாறினால் அடர்த்தி மாறும்; அதனால் ஒவ்வொரு முறையும் மாறாத எடையுள்ள ஒரு கண்ணாடிக் கட்டையை முதலில் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். வில்லையில் படிந்த பாசியைத் தேய்த்துவிட்டுத்தான் எடை. சிறு துண்டு இரண்டு வாரத்தில் கூடுவது கிராமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம் என்பதால், சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டுவது குறைந்தபட்சம்; 0.001 கிடைத்தால் நல்லது.

தொடங்கும் முன், ஒரே துண்டை ஐந்து மாணவர்கள் தனித்தனியாக எடைபோடட்டும், ஒரே படத்தை ஐந்து பேர் வரையட்டும். ஐந்தும் ஒத்துவராது. அந்த வேறுபாடுதான் உங்கள் அளவுப் பிழை; பவளத்தின் வளர்ச்சி அதைவிடப் பெரிதாகத் தெரியும்வரை எதையும் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தில் பிழை என்ற சொல்லை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அது என்ன என்று புரிவது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

படத்தை வரைபவருக்கு அது எந்தக் குழுவின் துண்டு என்று தெரியாமல் இருப்பது நல்லது. அளவு வேறுபாட்டை மறைக்க முடியாது என்றாலும், எந்த வாரத்துப் படம் என்பதையாவது மறைக்கலாம்.

நாட்காட்டியும் ஆட்களும்

அமெரிக்கப் பள்ளி ஆண்டை வைத்துச் சொல்கிறேன். உங்கள் நாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் தொட்டியும் பாக்டீரியாவும். அக்டோபரில் தாய்ப் பவளம் தனித்தொட்டியில். நவம்பர் நடுவில் வெட்டு. டிசம்பர் விடுமுறை முழுக்கத் துண்டுகள் ஆறட்டும். அளக்க வேண்டியது எதுவும் இல்லாத காலத்தை விடுமுறையோடு பொருத்துவதுதான் தந்திரம். ஜனவரி முதல் வாரம் தொடக்க அளவு, பிறகு இரு வாரத்துக்கு ஒருமுறை ஏப்ரல் வரை. மே மாதம் எழுதுவதற்கு.

வேலையைக் குழுவாகப் பிரிக்கலாம்: தண்ணீர், அளவு, தரவு, கருவிகள். ஆனால் ஆண்டு முழுக்க ஒருவரே ஒரு வேலை செய்யக் கூடாது என்பதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்களோ, அளவெடுப்பவர்களை மட்டும் அடிக்கடி மாற்றக் கூடாது என்பதிலும் அதே உறுதி வேண்டும். கை மாறினால் எண் மாறும். அளவுக் குழுவில் இருவர் எப்போதும் நிரந்தரம்.

பதிவேடு கையால் எழுதும் நோட்டாக இருக்கட்டும், பேனாவால். தவறாக எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதட்டும். வெள்ளைத் திரவம் வேண்டாம்.

விடுமுறைக்குத் தானாக நன்னீர் நிரப்பும் கருவி, டோசிங் பம்ப், மின்சாரம் போனால் ஓடும் பேட்டரிக் காற்று பம்ப், செல்பேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி. இவ்வளவும் இருந்தாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மனிதர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிக் காவலாளியோடும் துப்புரவுப் பணியாளர்களோடும் நட்பாக இருங்கள். விளக்கை "யாரும் இல்லையே" என்று அணைத்துவிடுவது, தரை துடைக்கும் ரசாயனத்தைப் பக்கத்தில் தெளிப்பது இதெல்லாம் சொல்லிவைத்தால் நடக்காது.

எண்களைப் படிப்பது

எடைக்கு, நாள்வீத வளர்ச்சியைக் கணக்கிடுங்கள்: இறுதி எடையைத் தொடக்க எடையால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, நாட்களால் வகுக்க வேண்டும். 28 நாளில் 10 கிராம் 11 ஆனால் நாளுக்கு 0.34 விழுக்காடு. பரப்புக்கு மேலே சொன்ன விளிம்பு வேகம். இரு குழுவின் சராசரி, திட்டவிலக்கம், சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் டி-சோதனை போதும். சராசரியை மட்டும் பட்டை வரைபடமாகப் போடாமல் எல்லாத் துண்டுகளையும் புள்ளிகளாகக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு அசுரத் துண்டு சராசரியை இழுத்திருந்தால் அங்கேயே தெரியும்.

சில துண்டுகள் சாகும். செத்ததை அட்டவணையிலிருந்து நீக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள். நீக்கக் கூடாது. சிறு துண்டுகள் வேகமாக வளர்ந்தும் அவற்றில் பாதி செத்துவிட்டன என்றால், பவளப்பாறை மீட்பில் இருப்பவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டிய செய்தி. வேறுபாடே இல்லை என்று முடிவு வந்தாலும் அதுவும் முடிவுதான். அறிவியல் கண்காட்சி நடுவர்கள் சிலர் இதை ரசிப்பதில்லை. அது அவர்கள் பாடு.

வகுப்பறைக்கு வெளியே

பக்கத்தில் பல்கலைக்கழகமோ பொதுக் காட்சியகமோ இருந்தால், தொட்டி வாங்கும் முன்பே பேசுங்கள். "எங்களுக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஒரு சுற்றுப்பயணத்தோடு அனுப்பிவைப்பார்கள். ஒரு பக்கத்தில் கேள்வி, முறை, துண்டுகளின் எண்ணிக்கை எழுதி, இதில் என்ன ஓட்டை இருக்கிறது என்று கேளுங்கள். ஆய்வாளர்கள் ஓட்டை கண்டுபிடிப்பதை மறுக்க மாட்டார்கள். கடலிலேயே வேலை செய்ய ஆசைப்படும் மாணவர்களுக்கு, புளோரிடாவில் ஸ்கூபாநாட்ஸ் என்ற அமைப்பு 12 முதல் 18 வயதுள்ளவர்களை முழுக்குப் பயிற்சியோடு ஆய்வுக்கு அழைத்துப்போகிறது. மோட் ஆய்வகத்தோடு சேர்ந்து பவளம் நட்டும் இருக்கிறார்கள். முறையான அனுமதியோடு நடக்கும் நடவு அது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவள மீட்பு நடக்காமல் இல்லை. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம் 2002 முதல் வனத்துறை அனுமதியோடு பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் கட்டிக் கடலில் வளர்த்துவருகிறது. பள்ளி அதில் கைவைக்க முடியாது. ஆனால் நோவாவின் கோரல் ரீஃப் வாட்ச் செயற்கைக்கோள் வெப்பத் தரவு யாருக்கும் இலவசம். 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் வெளிறல் ஏற்பட்டது. அந்தக் கோடைகளின் வெப்பத்தை மற்ற ஆண்டுகளோடு மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தண்ணீருக்குள் எடைபோடும் முறையை நன்னீர் மட்டியை வைத்தே பழகலாம். ஓடு வளர்வதைக் கொல்லாமல் அளக்க அதே சூத்திரம்தான். நத்தை வேண்டாம், உடலுக்குள் காற்றை அடக்கிவைக்கும் இனங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். விளிம்பு வேகக் கேள்வியைக்கூடப் பாறைமேல் படரும் லைக்கன்களின் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர்கள்) படங்களை வைத்துக் கேட்க முடியும், பொறுமை இருந்தால்.

ஆண்டு முடிவில்

மே மாதத்தில் துண்டுகள் நன்றாகப் படர்ந்திருந்தால், சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இணைகின்றனவா என்று பார்க்க விடலாம்; அடுத்த வகுப்புக்கு அதுவே தொடக்கம். தாய்ப் பவளத்தின் ஒரு பகுதியை வேறொரு பள்ளியிலோ காட்சியகத்திலோ கட்டாயம் கொடுத்துவையுங்கள். ஒரே தொட்டியில் வைத்திருந்து அது கோடையில் போனால், அடுத்த ஆண்டு வேறு மரபணுவோடு தொடங்க வேண்டிவரும், இந்த ஆண்டு எண்களோடு ஒப்பிட முடியாது. நோட்டையும் மூலப் படங்களையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். போகும் மாணவர்கள் வரும் மாணவர்களுக்கு எடைபோடுவதை நேரில் ஒருமுறை செய்துகாட்டிவிட்டுப் போகட்டும். அதே ஐந்து துண்டுகளை இரு அணியும் எடைபோட்டு, கிடைத்த வேறுபாட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.